பின்னாலேயே வந்த வரவேற்பறை

பெங்களூருக்குப் போய்விட்டு வந்த மறுநாள் காலை, பூசாரிக்கரட்டில் செங்கோடனின் வீட்டை ஒட்டிய காலிமனையில், சவுக்குக் கழியும் தகரமும் பிளாஸ்டிக் நாற்காலியும் அடுக்கிவைக்கிற அந்த இடத்தில், ஒரு வரவேற்பறை வந்து நின்றிருந்தது. லாரியில் வரவில்லை, யாரும் இறக்கிவைக்கவில்லை, கழிகளைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டுத் தனக்கு வேண்டிய இடத்தைத் தானே எடுத்துக்கொண்டு, சாம்பல் நிறச் சோபாவும், வெளுத்த மரத்தில் மேசையும், மேசையைச் சுற்றி நாற்காலிகளும், காகிதத்தில் செய்த உருண்டை விளக்கும், உள்ளே ஒன்றும் அச்சடிக்காத புத்தகங்கள் வைத்த அலமாரியும், அட்டையில் செய்த டிவியும், பனி மூடிய மரங்கள் தெரிகிற ஜன்னலுமாக, மூன்று பக்கம் சுவரும் நாலாவது பக்கம் தெருவுமாக நின்றிருந்தது. தரையில் அம்புக்குறி போட்டிருந்தது. சாமான் ஒவ்வொன்றிலும் வாயில் நுழையாத ஒரு பேர் எழுதின சீட்டு தொங்கியது.

முதலில் பார்த்தவர் பால்காரர் நாச்சிமுத்து. அவர் வண்டியை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டே, "ஏனுங் செங்கோடா, புது மாடல் பந்தலுங்களா? நம்ம பாப்பா சீருக்கு இதயே போட்டுறலாமுங்களா?" என்று கேட்டார். அவர் அப்படிக் கேட்டதில் தப்பில்லை. அந்த ஊரில் கல்யாணமோ சாவோ காதுகுத்தோ எது நடந்தாலும் பந்தல் போடுவதும் சேர் இறக்குவதும் செங்கோடன்தான். 'ஸ்ரீ அர்த்தநாரி பந்தல் ஸ்டோர்' என்று முதுகில் எழுதாத நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் பூசாரிக்கரட்டில் கிடையாது. செங்கோடன் பல்குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டு அறையை ஒரு பார்வை பார்த்தான். "வந்துருச்சுங்களா" என்று மட்டும் சொல்லிவிட்டு முகம் கழுவப் போனான்.

அவன் மனைவி கோகிலவாணி பால் சொம்போடு வாசலில் நின்றபடி சோபாவின் கைப்பிடியைப் பார்த்தாள். அதில் கையகலத்துக்கு ஐஸ்கிரீம் கறை இருந்தது. அது அவளுடைய சின்ன மகள் மித்ரா முந்தின நாள் கடையில் அப்பின கறை. ஆக இது அதே அறைதான், அவள் எந்த அறையில் நின்று அந்த வார்த்தையைச் சொன்னாளோ அதே அறை. உள்ளே போய்ப் பாலை அடுப்பில் வைத்தாள், பொங்கி வழிந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

நடந்தது இதுதான். பெரிய மகள் நறுமுகை ஈரோட்டில் பெரிய பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். அவளுடன் படிக்கிற தியாவின் பிறந்தநாளுக்குப் போனபோது, தியாவின் அம்மா அபர்ணாவின் வீட்டைக் கோகிலவாணி பார்த்தாள். வெள்ளைச் சுவர், வெளுத்த மரம், எங்கே பார்த்தாலும் காலியிடம். ஒரு சாமி காலண்டர்கூடச் சுவரில் இல்லை. இதெல்லாம் ஸ்காண்டிநேவியன் டிசைன் என்றும், அந்த நாடுகளில் பாதி வருஷம் வெயிலே கிடையாது என்பதால் வீட்டுக்குள் வெளிச்சத்தை வைத்துக்கொள்வார்கள் என்றும் அபர்ணா சொன்னாள். எங்கள் ஊரில் வெயிலுக்கு என்ன குறை என்று கோகிலவாணிக்குக் கேட்கத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்ததும் தன் வரவேற்பறையில் நின்று, பச்சைப் பெயிண்டையும் ரெக்சின் சோபாவையும், வாடகைக்குப் போய்க் கால் உடைந்து திரும்பி வந்த நாற்காலிகளையும் பார்த்துக் கூசிப்போனாள். அன்றிலிருந்து போனில் படம் சேர்த்தாள். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் நடக்கிற நாளில் செங்கோடனுக்கு எப்படியாவது ஒரு முகூர்த்தம் வந்துவிடுகிற மாதிரி பார்த்துக்கொண்டாள். வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று அபர்ணா கேட்டபோது, ஈவென்ட் மேனேஜ்மென்ட் என்று சொல்லிவைத்தாள்.

பள்ளிக்கூட லீவு வந்தது. பிள்ளைகளுக்குப் பெங்களூரைச் சுற்றிக் காட்டினது போலவும் ஆச்சு, சாமானும் பார்த்தது போலவும் ஆச்சு என்று, புளிச்சோறு கட்டிக்கொண்டு நாலு பேரும் பொலிரோவில் கிளம்பினார்கள். செங்கோடன் மறுப்பே சொல்லவில்லை. சேர் என்று சொன்னால் அவன் எங்கேயும் வருவான்.

பெங்களூரில் அந்தப் பெரிய மேசை நாற்காலிக் கடைக்குள் வீடு வீடாக அறைகள் கட்டி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவர் இருக்காது. அந்தப் பக்கமாக ஜனங்கள் நுழைந்து, அம்புக்குறி போகிற வழியே சாமானைத் தடவிப் பார்த்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போக வேண்டும். ஒரே நிறம், ஒரே அமைதி. கோகிலவாணி சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு, மூச்சைக்கூடச் சின்னதாக விட்டு நடந்தாள். செங்கோடனோ முதல் அறையிலேயே ஒரு நாற்காலியைத் தலைகீழாகத் திருப்பி, காலைத் தட்டி, தோளில் ஏற்றிப் பார்த்து, "இது ஒண்ணுமேல ஒண்ணு அடுக்க வருமா பாப்பா?" என்று அங்கே நின்ற கடைப் பெண்ணிடம் பந்தல் போடுகிற குரலில் கேட்டான். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியவில்லை. கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அதோடு விட்டானா. அவன் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. விசேஷ வீட்டில் யாரும் நின்றுகொண்டிருக்கக் கூடாது. கடைசி ஆள் உட்காருகிறவரைக்கும் செங்கோடன் உட்கார மாட்டான். நாற்காலிகள் இத்தனை இருக்க, ஜனங்கள் இத்தனை பேர் நிற்பதை அவனால் தாங்க முடியவில்லை. சாம்பல் நிறச் சோபா போட்ட அறைக்கு வந்ததும், முன்பின் தெரியாத ஒரு பெரியவரின் கையைப் பிடித்து, "உக்காருங்க, உக்காருங்க, ஏன் நிக்கறீங்க" என்று உட்கார வைத்தான். அவர் மனைவிக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டான். மேசையைச் சுற்றி இருந்ததை வரிசையாக்கினான். வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் துண்டும் தலைக்கு மேல் நாற்காலியுமாக வேர்க்க விறுவிறுக்க அவன் நின்ற அந்த நேரத்தில்தான், அம்புக்குறி வழியாக அபர்ணா வந்தாள்.

"கோகிலா, நீங்களும் இங்கயா?" என்று அபர்ணா சந்தோஷமாகத்தான் கேட்டாள். அப்புறம் செங்கோடனைப் பார்த்தாள். "ஹெல்ப்புக்கு ஆள் கூட்டிட்டு வந்துட்டீங்களா? நல்லதாப் போச்சு. இங்கெல்லாம் நாமளேதான் தூக்கணும். சார் வரலீங்களா?"

அந்தப் பெண் பொல்லாதவள் இல்லை, தெரியாமல் கேட்டாள். கோகிலவாணிக்கு ஒரே ஒரு நிமிஷம் போதும், சிரித்துக்கொண்டே இல்லீங்க இவர்தான் என்று சொல்லியிருக்கலாம். அவள் சொன்னது வேறு. "அவருக்குத் தொழில்ல வேலைங்க. இவர் தூக்கறதுக்கு வந்த ஆளுங்க."

மித்ரா கையில் ஐஸ்கிரீமோடு, "அப்..." என்று ஆரம்பித்தாள். நறுமுகை அவள் கையைக் கிள்ளினாள். ஐஸ்கிரீம் சோபாவில் அப்பியது. செங்கோடன் தலைக்கு மேலிருந்த நாற்காலியை மெதுவாகத் தரையில் இறக்கினான். அவன் கோகிலவாணியைப் பார்த்தான், பிள்ளைகளைப் பார்த்தான். "அண்ணா, அப்ப எங்க பெட்டியக் கொஞ்சம் வண்டியில ஏத்தித் தர்றீங்களா?" என்று அபர்ணா கேட்டதற்கு, "ஆமாங்க, ஏத்தியுட்டர்றனுங்க" என்று தலையாட்டி, அவளுக்குப் பின்னாலேயே போய், பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்துவிட்டு வந்தான்.

எந்தச் சாமானும் வாங்கவில்லை. திரும்பி வருகிற வழியில் செங்கோடன் கிருஷ்ணகிரியில் வண்டியை நிறுத்திப் பிள்ளைகளுக்குக் கொய்யாப்பழம் வாங்கிக் கொடுத்தான், அவளுக்கும் ஒன்று உப்பு மிளகாய் தடவி நீட்டினான். அந்தக் கொய்யாப்பழத்தை வாயில் வைத்தபோது அவளுக்குச் செத்துப்போனால் தேவலை என்று இருந்தது. மறுநாள் காலைதான் அறை வந்து நின்றது.

ஏன் வந்தது என்று பூசாரிக்கரட்டில் யாரும் கேட்கவில்லை. வந்த விருந்தாளியிடம் ஏன் வந்தாய் என்று கேட்கிற ஊர் இல்லை அது. பேரூராட்சியிலிருந்து வரி போட ஒருவர் வந்து, நாலு சுவர் இருந்தால் வீடு, சுவரே இல்லாவிட்டால் கொட்டகை, மூன்று சுவருக்கு என்ன போடுவது என்று தாடையைச் சொறிந்துவிட்டு, ஆறப்போட்டார். மின்சார வாரியத்து லைன்மேன் உருண்டை விளக்கை அண்ணாந்து பார்த்து, வயர் எங்கேயும் இல்லாததால் இது தங்கள் சமாசாரம் இல்லை என்று கிளம்பினார். யாரோ பெங்களூர்க் கடைக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். அவர்கள் அறை அவர்களிடமேதான் இருக்கிறதாம், ஒரு கரண்டிகூடக் குறையவில்லையாம். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஜனங்கள் வந்தார்கள். செருப்பைத் தெருவிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, அம்புக்குறி தொடங்குகிற இடத்தில் நுழைந்து, அது காட்டுகிற வழியிலேயே அலமாரியைச் சுற்றி, சோபாவைச் சுற்றி, ஜன்னலுக்குக் கிட்டே வந்து பனியைப் பார்த்து, வெளியே போனார்கள். அம்புக்கு எதிராக யாரும் நடக்கவில்லை. முதல் வெள்ளிக்கிழமையே பக்கத்து வீட்டு ருக்குமணியக்கா அட்டை டிவிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டாள். வைகாசி வெயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஜிலுஜிலு என்று இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு, வெற்றிலைப் பெட்டியோடு சிலர் அங்கேயே குடியேறின மாதிரி ஆனார்கள். மாப்பிள்ளை வீட்டார் பொண்ணு பார்க்க வந்தால் அங்கேதான் உட்கார வைத்தார்கள், ஒளிக்க மறைக்க ஒரு சுவர் குறைவு என்பதால் சம்பந்தம் சீக்கிரம் கூடி வந்தது. பங்காளித் தகராறு பேச அங்கே உட்கார்ந்தவர்கள், தெருவே பார்க்கிறதே என்று குரலை இறக்கிப் பேசி, பேசினதிலேயே பாதிக் கோபம் தணிந்து எழுந்து போனார்கள். சாமான்களில் தொங்கின சீட்டை யாரும் கழற்றவில்லை. அந்தப் பேர்களை எழுத்துக்கூட்டி வாசிப்பது பிள்ளைகளுக்கு விளையாட்டாகிவிட்டது.

எல்லாரும் கோகிலவாணியைப் புகழ்ந்தார்கள். "உன்ற ராசிதான் கோகிலா, நீ போயிப் பாத்துட்டு வந்த, அது உன்ற பொறத்தாலயே வந்துருச்சு" என்றாள் ருக்குமணியக்கா. கேட்கக் கேட்கக் கோகிலவாணிக்குக் காது எரிந்தது. அவள் ஆசைப்பட்டது அவள் வாசலுக்கே வந்துவிட்டது, ஊரே அதில் உட்கார்ந்து காலாட்டுகிறது, அவளோ அந்தச் சோபாவில் உட்கார்ந்தால் கறைக்குமேல் கையை வைத்து மறைத்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

ஏனென்றால் செங்கோடன் மட்டும் அந்த அறைக்குள் கால் வைக்கவில்லை. வருகிறவர்களை, "வாங்க, வாங்க, உள்ள போயி உக்காருங்க" என்று அனுப்புவான். இடம் போதாவிட்டால் தன்னுடைய பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து தெருவில் போடுவான். தண்ணீர் கொண்டுவந்து உள்ளே இருப்பவரிடம் கை நீட்டிக் கொடுப்பான். மழை பிடித்தால்கூடத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, சுவர் இல்லாத அந்தப் பக்கத்தில் அம்புக்குறிக்கு ஒரு அடி வெளியே நிற்பான். மற்றபடி அவன் எப்போதும் போலத்தான் இருந்தான். வீட்டில் சாப்பிட்டான், பள்ளிக்கூடம் திறந்ததும் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றினான், கடைக் கணக்கைச் சொன்னான். ஒரு சுடுசொல் கிடையாது.

அவன் கத்தியிருந்தால் அவள் அழுதிருப்பாள், அழுதிருந்தால் தீர்ந்திருக்கும். "வாங்க மாமா, உள்ள வந்து உக்காந்து காப்பி குடிங்க" என்று அவள் கூப்பிடுவாள். "இருக்கட்டும் அம்மிணி, இங்கயே குடிச்சிக்கறேன்" என்பான். தப்பு பண்ணிவிட்டேன் என்று சொல்ல அவள் எத்தனையோ முறை வாயெடுத்தாள். சமையல்கட்டில் சொல்லலாம் என்று போனால் அவன் பிள்ளையின் தலையைத் துவட்டிக்கொண்டிருப்பான், அந்தக் கையைப் பார்த்ததும் பாத்திரம் எடுக்க வந்தவள் மாதிரித் திரும்பிவிடுவாள். தன்னை அவன் தண்டிக்கிறான், ஊர் பார்க்கத் தெருவில் நின்று தண்டிக்கிறான் என்று அவள் நினைத்தாள். நினைத்துவிட்டு, தனக்கு இது வேண்டும் என்றும் நினைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகள் சொல்லிக் கேள்விப்பட்டு, அபர்ணாவே தியாவை அழைத்துக்கொண்டு ஈரோட்டிலிருந்து வந்துவிட்டாள். அன்றைக்கு அறையில் நல்ல கூட்டம். நாச்சிமுத்து மேசையில் தாயம் உருட்டிக்கொண்டிருந்தார், ருக்குமணியக்கா சோபாவில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், சுற்றிலும் அக்கம்பக்கத்துப் பெண்கள். அபர்ணா செருப்பைக் கழற்றிவிட்டு அம்புக்குறி வழியே ஒழுங்காகச் சுற்றி வந்து, ருக்குமணியக்கா ஒதுங்கிக் கொடுத்த இடத்தில் உட்கார்ந்தாள். "எங்க வீட்டவிட இது அழகா இருக்குங்க கோகிலா" என்றாள். மனசாரத்தான் சொன்னாள். இந்த வார்த்தைக்காக ஒரு காலத்தில் கோகிலவாணி எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பாள்.

வெளியே செங்கோடன், நின்றுகொண்டிருந்த தியாவுக்காக ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அபர்ணா அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். "அன்னிக்கு வந்த அண்ணாதானே? இன்னும் உங்ககிட்டதான் இருக்காரா? அன்னிக்கு ரொம்ப ஒத்தாசையா இருந்தாருங்க." பிறகு பக்கத்தில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மித்ராவின் கன்னத்தைத் தட்டி, "அந்த அண்ணா பேரு என்ன பாப்பா?" என்று கேட்டாள்.

மித்ரா அம்மாவைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். கேள்விக்குப் பதில் தெரிந்த பிள்ளை டீச்சர் முன்னால் எழுந்து நிற்கிற மாதிரி எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, "எங்க ஊட்டு வேலையாளுங்க. சாமான் தூக்க வர்றவருங்க" என்று கணீரென்று சொன்னாள்.

தாயக்கட்டை உருளுவது நின்றது. ருக்குமணியக்காவின் கையில் கீரைக்காம்பு அப்படியே இருந்தது. ஊரில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. எல்லாரும் கோகிலவாணியைத்தான் பார்த்தார்கள், அப்புறம் பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்ட மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நறுமுகை குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. அபர்ணா மட்டும் ஒன்றும் தெரியாமல் மித்ராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இல்லீங்க" என்றாள் கோகிலவாணி. மறுபடியும் உரக்கச் சொன்னாள். "இல்லீங்க. அவரு எங்க ஊட்டுக்காரரு. இந்தப் புள்ளைகளோட அப்பா. அன்னிக்கு உங்ககிட்ட நான் பொய் சொன்னனுங்க. அவருக்கு ஈவென்டுமில்ல ஒண்ணுமில்ல, பந்தல் போடறாரு, சேர் வாடகைக்கு உடறாரு. அந்தக் காசுலதான் என்ற புள்ள உங்க புள்ளகூடப் படிக்குது."

அபர்ணாவின் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, அன்னிக்கு நான் பெட்டிய..." என்று எழுந்து, செங்கோடனைப் பார்த்துக் கையைக் குவித்தாள். "மன்னிச்சிருங்க சார், எனக்குத் தெரியாதுங்க."

"அதுக்கென்னங்க, ஒரு பெட்டிதான். உக்காருங்க, காப்பி குடிச்சிட்டுத்தான் போகோணும்" என்றான் செங்கோடன்.

சொல்லிவிட்டோம், தெருவே கேட்கச் சொல்லிவிட்டோம் என்று நினைத்தாள் கோகிலவாணி. இனி அவன் வருவான். அவள் எழுந்து, அம்புக்குறிகளைக் குறுக்கே மிதித்துக்கொண்டு, சுவர் இல்லாத பக்கத்தின் ஓரத்துக்கு வந்து நின்றாள். "வாங்க மாமா. நான் பண்ணுனது தப்புதான். எல்லாரு முன்னாடியும் சொல்லிட்டனல்லோ. உள்ள வந்து உக்காருங்க."

செங்கோடன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். தணிந்த குரலில் சொன்னான். "உன்னால இல்ல அம்மிணி. நீ சொன்னத நான் கிருஷ்ணகிரிலயே உட்டுட்டேன். பொம்பளைக்குக் கூச்சம், ஏதோ வாயில வந்துருச்சு, போகட்டும். நான் ஆமாங்கன்னு சொன்னேன் பாரு, அதுதான். புள்ளைக ரெண்டும் என்ற மூஞ்சியப் பாத்துட்டு நின்னுதுக. அப்பன் என்ன சொல்லப்போறான்னு பாத்துட்டு நின்னுதுக. நான் தலையாட்டிட்டுப் பெட்டியத் தூக்கிட்டுப் போயிட்டேன். அந்த எடத்துல என்னால காலு வெக்க முடியல."

இத்தனை நாளும் அவன் தன்னைத் தண்டிக்கிறான் என்றல்லவா அவள் நினைத்திருந்தாள். அவனும் கூசிப்போய்த்தான் வெளியே நின்றிருக்கிறான். அந்தக் கூச்சத்தையும் அவள்தான் கொடுத்தாள். கோகிலவாணி அறையை விட்டு இறங்கி, தெருவில் அவன் பக்கத்தில் போய் நின்றாள். உள்ளே ஊர் உட்கார்ந்திருந்தது.

மித்ரா சோபாவிலிருந்து இறங்கி அவர்களிடம் ஓடிவந்தாள். தான் சொன்ன பதில் எதனால் தப்பாகிப்போனது என்று அவளுக்குப் புரியவில்லை. அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்து, ரகசியமாகத்தான் கேட்டாள், ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"அப்ப இனிமே வெளியாளுக இருக்கறப்பவும் அப்பான்னு கூப்புடலாமாம்மா?"

கோகிலவாணி வாயில் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டாள். பதில் செங்கோடன்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவன் குனிந்து பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "கூப்புடு சாமி" என்றான்.